முதற் பிழையும் மூடிய கதவும்

ஊரில் ஒரு சைக்கிள் காணாமற் போகிறது. இரண்டு நாள் கழித்துப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பிடிபடுகிறான். உடனே எழும் கேள்வி, "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே. விடை தெரிந்தவுடன் தீர்ப்பும் வந்துவிடுகிறது. "அப்பன் குடிகாரன், பிள்ளை வேறு எப்படி இருப்பான்?" என்பார் ஒருவர். "அப்பன் இல்லாத பிள்ளை, அப்படித்தான்" என்பார் இன்னொருவர். "தாய் கொடுத்த செல்லம்" என்று முடித்து வைப்பார் மூன்றாமவர்.

கேள்வி சரியானதே. குற்றத்தின் வேரைத் தேடிச் செல்பவர் எவரும் வீட்டு வாசலை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஆனால், நாம் அவசரத்தில் சொல்லும் விடைகள் பெரும்பாலும் தவறானவை. பிள்ளை வழி தவறுவதற்கு முன் வீடு என்ன செய்தது என்று எல்லோரும் கேட்கிறோம். வழி தவறிய பின் வீடு என்ன செய்தது என்று கேட்பார் இல்லை. அந்தப் பின்னதுதான் ஒரு பிள்ளை ஒரு முறை தவறியவனாக நிற்பானா, குற்றவாளியாகவே வளர்வானா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. அதனை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில், "பெற்றோர் இல்லாதவனே கெட்டுப் போகிறான்" என்னும் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்றக் கணக்கில், பிடிபட்ட சிறார்கள் யாருடன் வாழ்ந்தார்கள் என்ற பட்டியல் உண்டு. அதில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் பெற்றோருடனேயே வாழ்ந்தவர்கள். வீடு வாசலின்றித் திரிந்தவர்கள் மிகச் சிலரே. வயதைப் பார்த்தாலோ, நான்கில் மூவர் 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்கள். அதாவது நம் கல்லூரி முதலாண்டு வகுப்பில் வந்து அமர்பவர்களின் வயது, அல்லது அவர்களுடைய தம்பிமார்களின் வயது. ஆகவே வீடு இருந்ததா என்று கேட்டுப் பயனில்லை. அந்த வீடு எத்தகையது என்று கேட்க வேண்டும்.

இக்கேள்வியை மேல்நாட்டறிஞர் பலர் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்னும் கணவனும் மனைவியும், சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களையும், குற்றம் புரியாத 500 பாஸ்டன் நகரச் சிறுவர்களையும் ஒப்பிட்டு 1950இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். இரு சாராரும் ஒரே மாதிரியான ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள்; வயதிலும் அறிவுத் திறனிலும் ஒத்தவர்கள். வறுமை இரு சாராருக்கும் பொதுவாக இருந்தும் ஒரு சாரார் வழி தவறினர், மற்றவர் தவறவில்லை. வேறுபாடு வீட்டுக்குள் இருந்தது. தந்தையின் கண்டிப்பு ஒரு சீராக இருந்ததா, பிள்ளை எங்கே போகிறான் என்று தாய் கவனித்தாளா, பெற்றோர் பாசம் காட்டினார்களா, குடும்பம் ஒன்றாய் இணைந்து நின்றதா என்பனவே அவர்கள் கண்ட வேறுபாடுகள். இலண்டனில் 1961இல் தொடங்கி 411 சிறுவர்களை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது ஜோன் மக்கார்ட் என்னும் பெண் அறிஞர் 1982இல் வெளியிட்ட முடிவு. தந்தை இல்லாத வீடாயினும் அன்புள்ள தாய் இருந்தால், அங்கே வளர்ந்த பிள்ளைகள், தாயும் தந்தையும் இணக்கமாய் வாழ்ந்த வீட்டுப் பிள்ளைகளைப் போலவே பெரும்பாலும் நேர்வழியில் நின்றனர். இருவரும் இருந்தும் ஓயாத சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைகளே மிகுதியாக வழி தவறினர். "அப்பன் இல்லாத பிள்ளை" என்று ஒரு விதவைத் தாயைத் தெருவில் நிறுத்திப் பழிக்கும் நாக்குகள் இதனை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். மேட்டூர் திறந்தால்தான் குறுவை. திறந்தும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் உறுதி. அறுவடைக்கு இயந்திரம் வந்த பின்னர்க் கூலி ஆளுக்கு வயலில் வேலை நாள் குறைந்தது. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். தந்தை பொங்கலுக்கு வருகிறார். புதுச் சட்டை வாங்கித் தருகிறார். நாலாம் நாள் பேருந்து ஏறுகிறார். தாய் விடியுமுன் நடவுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறாள். கடற்கரைக் குப்பங்களில் இரவெல்லாம் தந்தை கடலில். பகலெல்லாம் தாய் மீன் கூடையோடு சந்தையில். இவர்களில் எவரையும் கெட்ட பெற்றோர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளின் சோற்றுக்காகவே அவர்கள் பிள்ளைகளைப் பிரிந்திருக்கிறார்கள். ஆனால், பள்ளி விட்ட நேரத்திலிருந்து விளக்கு வைத்த பின் வரையில் பையன் எங்கே இருந்தான் என்று கேட்க ஓர் ஆள் இல்லாமற் போகிறது. முன்பு அந்தக் கேள்வியைக் கேட்கப் பாட்டி இருந்தாள்; சிற்றப்பா இருந்தார்; எதிர் வீட்டுத் திண்ணையில் யாரேனும் ஒரு பெரியவர் இருந்தார். இன்று திண்ணையும் இல்லை, கேள்வியும் இல்லை.

தந்தை ஊரிலேயே இருக்கும் வீடுகளிலும் வேறொரு கேடு உண்டு. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. மாலையில் கூலியில் ஒரு பகுதி அங்கே போவதைவிடப் பெரிய இழப்பு, வீட்டில் நீதி போவது. குடித்துவிட்டு வந்த இரவில், செய்யாத குற்றத்துக்குப் பிள்ளையை அடிக்கிறார். தெளிந்த காலையில், செய்த குற்றத்தையும் கேளாமல் காசு கொடுத்துக் கொஞ்சுகிறார். எதற்கு அடி, எதற்கு முத்தம் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. குளூக் தம்பதியர் கண்ட சீரில்லாத கண்டிப்பு இதுதான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன், சட்டம் என்பதும் பெரியவர்களின் மனநிலையே என்று எண்ணிக்கொண்டால் அதில் வியப்பு என்ன?

வீடு இல்லாமையால் கேடு விளைவது ஒரு புறம். வீடே கற்றுத் தரும் கேடும் உண்டு. 2023 ஆகஸ்டு 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினர் சிலர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டவர்கள் பள்ளி வயதுச் சிறுவர்கள். நாட்டையே தலைகுனியச் செய்த இந்நிகழ்ச்சிக்குப் பின், பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்க வழி காண ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் நெற்றிக் குறிகளும் அணியலாகாது என்பதும் ஒரு பரிந்துரை. நல்ல பரிந்துரை. ஆனால் கையில் இருக்கும் கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம். நெஞ்சில் இருக்கும் கயிற்றை யார் அறுப்பது? பதினேழு வயதில் சாதி வெறி தானாக முளைப்பதில்லை. "அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்று ஐந்து வயதில் சொன்ன குரலும், "அவன் உன்னை மிஞ்சலாமா?" என்று பத்து வயதில் கேட்ட குரலும் பொதுவாக வீட்டுக் குரல்களே. ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பி, வேளைக்குச் சோறு போட்டு, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கவனித்த வீடும் இத்தகைய குற்றத்துக்கு விதை போடக்கூடும். "நல்ல குடும்பம்" என்று ஊர் சான்றிதழ் கொடுத்துவிட்டதனால் மட்டும் ஒரு குடும்பம் நல்லதாகிவிடாது.

அப்படியானால் வீட்டை ஆக்குவது எது? இரத்த உறவுதானா? இல்லை என்பதற்கு நம் கடற்கரையே சான்று. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, பூம்புகாரும் அன்று சேர்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. தாயையும் தந்தையையும் ஒரே காலையில் இழந்த குழந்தைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் நிறுவப்பட்டது. "பெற்றோர் இல்லாதவர் கெட்டுப் போவர்" என்பது விதியானால், அங்கே வளர்ந்தவர்கள் என்ன ஆகியிருக்க வேண்டும்? அவர்கள் படித்தார்கள், பட்டம் பெற்றார்கள், வேலைக்குப் போனார்கள், சிலருடைய திருமணங்களை நாடே செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தது. பசித்ததா என்று கேட்கவும், தவறினால் கண்டிக்கவும், கண்டித்த பின்னும் சேர்த்துக்கொள்ளவும் அங்கே பெரியவர்கள் இருந்தார்கள். அந்த மூன்றும் உள்ள இடமே வீடு என்பேன். அம்மூன்றும் இல்லாத இடம், கூரையும் குலப்பெயரும் இருந்தாலும் வெறும் தங்குமிடமே.

அம்மூன்றில் கடைசியானதே இக்கட்டுரையின் உயிர். சேர்த்துக்கொள்ளுதல். பிள்ளை முதன்முறை தவறியபோது பல வீடுகள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, குற்றத்தையே மறைத்துவிடுகின்றன. பணமோ செல்வாக்கோ உள்ள வீடுகள் இதனைச் செய்யும். மற்றொன்று, "என் முகத்தில் விழிக்காதே" என்று கதவைச் சாத்திவிடுகின்றன. மானம் ஒன்றே சொத்தாக உள்ள வீடுகள் இதனைச் செய்யும். முதலாவது, தண்டனை என்பது பிறர் பிள்ளைகளுக்கே என்று கற்பிக்கிறது. இரண்டாவது, இனி நீ அவர்களைச் சேர்ந்தவன் என்று பையனைத் திருட்டுக் கூட்டத்தின் கையிலேயே ஒப்படைக்கிறது. வீடு விரித்த பாயைச் சுருட்டினால், பாய் விரித்துக் காத்திருப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

இந்த உண்மையை நம் புகார் நகரத்துக் காப்பியம் அன்றே கண்டது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம்; இந்தக் கண்ணோடு படித்திருக்கிறோமா? பெற்ற தாய் பிறந்த அன்றே கைவிட்டுப் போனாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்து வேதம் கற்பித்தார். வேள்வியில் கொல்லக் கட்டியிருந்த பசுவைக் கண்டு மனம் பொறாத சிறுவன், இரவோடு இரவாக அதனை ஓட்டிச் சென்றான். ஊர் அவனைப் பிடித்து அடித்தது. பசுக் கள்வன் என்றது. வளர்த்த தந்தையோ வீட்டை விட்டுத் துரத்தினார். போன ஊர்களிலெல்லாம் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டார்கள். கருணையால் செய்த செயலுக்கே இக்கதி என்றால், ஆசையால் தவறியவனுக்கு என்ன கதி? ஆபுத்திரன் மதுரையிலே பிச்சை எடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி உயர்ந்தான். ஆனால் அவன் ஆபுத்திரன். கல்லிட்ட பாத்திரத்தோடு திரும்பும் எல்லாப் பிள்ளைகளிடமும் நாம் அத்தகைய உள்ளத்தை எதிர்பார்க்க முடியுமா?

அதே காப்பியத்தில், புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துக்கு மணிமேகலை சென்று கைதிகளுக்கு உணவளிக்கிறாள். செய்தி கேட்ட சோழ மன்னன், என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்க வேண்டும் என்கிறாள் அவள். மன்னன் அப்படியே செய்கிறான். குற்றவாளியைத் திருத்த வேண்டும் என்ற கொள்கையை மேல்நாட்டிலிருந்து கடன் வாங்கியதாகச் சொல்வோர், இந்த மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாகாது.

இன்றைய சட்டமும் இதே வழியில்தான் நடக்க முயல்கிறது. சிறாருக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் முதன்முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டம் அது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தையைக் காக்கும் முதற் பொறுப்பு குடும்பத்துக்கே என்று அது கூறுகிறது. இல்லத்தில் அடைத்து வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சிறுவன் பிடிபட்டால் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் வீடு, பள்ளி, சூழ்நிலை ஆகியவற்றை நன்னடத்தை அலுவலர் விசாரித்து இரண்டு வாரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். கெட்ட கூட்டத்தில் சேர்வான் என்றோ, அவனுக்கு ஆபத்து என்றோ, நீதி தடைப்படும் என்றோ அச்சமில்லாவிடில், அவனைப் பிணையில் விட வேண்டும். பெற்றோரிடமோ, தகுதியுடைய வேறொருவரிடமோ ஒப்படைக்கலாம்.

சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. கூட்டிச் செல்ல யார் வருகிறார்கள் என்பதே கேள்வி. வெட்கத்தால் தந்தை வரவில்லை. ஒருநாள் கூலி போகுமே என்று தாயால் வர முடியவில்லை. எந்த அலுவலகம், யாரைப் பார்ப்பது என்பது இருவருக்கும் தெரியவில்லை. பையன் உள்ளேயே இருக்கிறான். உள்ளே இருப்பது எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2022 டிசம்பர் இறுதியில், தாம்பரம் ரயில்வே பகுதியில் பாட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். இரண்டே நாளில் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர் அறுவர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த வழி கூறுமாறு 2023இல் அரசு அமைத்த ஒரு நபர் குழுவும் நீதிபதி சந்துரு அவர்களுடையதே. ஒரு பாட்டரியின் விலையும் ஓர் உயிரின் விலையும் ஒன்றாகிப் போன கொடுமையை எண்ணும்போது, பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரும் தாயின் கை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும்.

"குற்றம் செய்தவனை மடியில் வைத்துக் கொஞ்சச் சொல்கிறீரா? பறிகொடுத்தவன் நிலை என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேர்த்துக்கொள்ளுதல் வேறு, மறைத்தல் வேறு. திருடிய சைக்கிளோடு மகனைக் கூட்டிக்கொண்டு உடையவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் தந்தையே உண்மையில் சேர்த்துக்கொண்டவர். மகன் செய்ததற்குப் பொறுப்பும் ஏற்கிறார், மகனையும் விடவில்லை. திருவாரூரில், கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் புகழ்கிறோம். மகனே ஆனாலும் மறைக்காத அந்த நேர்மையைப் போற்றுவோம். ஆனால் இன்று நம் வீடுகளுக்கு வேண்டியது, பிள்ளையைத் தேர்க்காலில் இடாமலே நீதி செய்யும் தந்தையர்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று இன்னொரு சாரார் கைவிரிப்பார்கள். பழமொழி பழையது, உண்மை அவ்வளவு எளிதன்று. குளூக் தம்பதியர் ஆராய்ந்த அந்தச் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களைப் பற்றிய ஏடுகளைப் பிற்காலத்தில் ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்னும் இருவர் மீண்டும் எடுத்து, அவர்கள் முதுமை அடையும் வரை என்ன ஆனார்கள் என்று தேடினர். பலர் குற்றத்தை விட்டு ஒழுங்காக வாழ்ந்திருந்தனர். நிலையான வேலை, நல்ல மனைவி, இராணுவப் பணி என ஏதோ ஒரு புதுப் பிணைப்பு அவர்களைத் திருப்பியிருந்தது. தம்மை நம்பிய ஒருவரைக் கண்ட பின் மனிதர் மாறினர். பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து "இனி இவன் தேறமாட்டான்" என்று சொல்ல எந்தப் பழமொழிக்கும் உரிமையில்லை.

இனி, நாம் செய்யக்கூடியது என்ன? வெளியூர் போன தந்தையரை நம்மால் திருப்பி அழைக்க முடியாது. மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை யாரும் கேட்பாரற்றிருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் இடம் கொடுக்க முடியும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கொரு முறை கிராமத்தில் முகாமிட்டுக் கோயில் குளத்தைத் தூர் வாரிவிட்டு வருகிறோம். நல்ல பணிதான். அதே கிராமத்தில் வாரம் இரண்டு மாலை நம்மில் நால்வர் போய் ஒரு விளக்கின் கீழ் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தால், எட்டாம் வகுப்போடு நிற்கவிருந்த ஒருவன் பத்தாம் வகுப்பு வரை போவான். காவல் துறை நடத்தும் சிறுவர், சிறுமியர் மன்றங்களுக்கும் படிப்புச் சொல்லித்தர ஆள் வேண்டும். சட்டம் படித்தவர்களும் சமூகப்பணி அறிந்த ஆசிரியர்களும், பிள்ளை பிடிபட்ட வீட்டுக்கு "இன்ன அலுவலரைப் பாருங்கள், இன்ன உரிமை உங்களுக்கு உண்டு" என்று எடுத்துச் சொன்னால், அந்தத் தாய் தெருவில் அழுதுகொண்டு நிற்க வேண்டியிராது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வகுப்புக்குப் பத்து நாள் வராத மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதற்கு முன், அவன் வீட்டுக்கு ஒரு முறை ஆள் அனுப்புங்கள். ஏதோ ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டு வெட்கத்தால் வராதிருக்கக்கூடும். சிறுவயதுக் குற்றம் ஒருவனது பிற்கால வாழ்வுக்குத் தகுதிக் குறைவு ஆகாது என்பதே சட்டத்தின் பொதுவிதி. சட்டம் மறக்கச் சொல்வதைக் கல்லூரி நினைவில் வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாக என் போன்ற மாணவ நண்பர்களுக்கு. இன்னும் சில ஆண்டுகளில் நாமும் தாய் தந்தையர் ஆவோம். தங்கையின் பிள்ளைக்குத் தாய்மாமன் ஆவோம். ஒரு தெருவின் பெரியவர்கள் ஆவோம். அப்போது நம் வாசலிலும் ஒரு நாள் ஒரு பையன் தலை குனிந்து வந்து நிற்கக்கூடும். "ஏன் செய்தாய்?" என்று கேட்போம், கண்டிப்போம், செய்ததற்கு ஈடு செய்ய வைப்போம். அதன் பின், "உள்ளே வா, சாப்பிடு" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் கேட்கும்போது, "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல ஒருவர் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் கெட்டுப் போனவன் அல்லன்.